ஒரே ஒரு குளிர்காலம்

"ஒரே ஒரு குளிர்காலந்தான் நின்றது" என்றாள் ஹில்க்கா,
கொட்டகைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டே.
ரவுமாவுக்கு வடக்கே, பார்லி அறுத்த வயலோரம்.
சிவப்பு போர்ஷே. தூசிக்கு அடியில் இன்னும் சிவப்பு.
நீ அப்போதே விழுந்துவிட்டாய், கலேவி.
உன் சட்டைப்பையில் உறை கனத்ததை நான் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.

இதற்குத்தான் என்னைக் கூட்டிவந்தாய்:
காரின்மேல் ஆசையில்லாத ஒருத்தி,
கப்பல் எஞ்சினோடு இருபது வருஷம் மல்லுக்கு நின்றவள்,
கையில் டார்ச்.

முதலில் டயரிடம் கேட்டேன்.
பக்கவாட்டில் நாலு எண்:
இரண்டாயிரத்துப் பதினொன்று, இருபத்துமூன்றாம் வாரம்.
ரப்பர் முள் மட்டும் உதிரவில்லை, புத்தம் புதுசு;
தரை தொட்ட இடமோ சப்பையாகி
சிமெண்டின் வடிவத்தை மனப்பாடம் செய்திருந்தது.
பெட்ரோல் மூடியைத் திருகினேன்.
பெட்ரோல் வாசமில்லை. பழைய வார்னிஷ்.
ஹில்க்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேட்டரி வைத்து ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் என்ன?"
நீங்கள் இருவரும் ஒரே குரலில்.
கூடாது.
காய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டனை விரட்டுவது
காசு கொடுத்துக் கீறல் வாங்குவது.
ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி
துளைக்கு ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன்.
ஊறட்டும்.

ஊறும் நேரத்தில் காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தேன்.
எலிக்கூடு. காலி.
உள்ளங்கை அகலம், நேர்த்தியாகப் பின்னியது,
எல்லாம் காகிதம்.
"சர்வீஸ் புத்தகம் எங்கோ தொலைந்தது" என்றாளே, அதுதான்.
ஒரு துண்டில் முத்திரையின் பாதி,
ஒரு துண்டில் யாரோ பேனாவால் எழுதியது:
டைமிங் பெல்ட், அடுத்த முறை.
எந்த முறை என்பதை எலி தின்றுவிட்டது.
பெல்ட்டை விரலால் மடக்கினேன்; பல்லின் அடியில் வெடிப்பு.
இது அறுந்தால் வால்வும் பிஸ்டனும்
முகத்தில் முகம் மோதும்.

பிறகு இருபத்துநாலு சாக்கெட், நீளப் பிடி.
கிராங்க்கை வலஞ்சுழியாக மெல்ல அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
நீ மூச்சுவிடவில்லை.
மறுபடி, உடம்பின் பாரத்தை மட்டும் சாய்த்து.
ஒரு சின்ன விடுபடல், நாக்கு அண்ணத்தை விட்டு எழுவதுபோல,
அப்புறம் கால் சுற்று, அரைச் சுற்று,
இரண்டு முழுச் சுற்று, எங்கும் தட்டாமல்.
நீ சிரித்தாய். விலை பேசும் இடத்தில்
யாரும் அப்படிச் சிரிக்கக்கூடாது, கலேவி.

உள்ளே உட்கார்ந்தேன்.
கிளட்ச் கீழே போனது, மேலே வரவில்லை.
கியர் இரண்டில் கிடந்தது.
டேங்க்கில் கால் பங்கு. ஹேண்ட்பிரேக் முழுக்க இழுத்திருந்தது.

அங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.
தொழில் பேசிவிட்டது:
"நாள்கணக்கில் நிறுத்துகிறவன் டேங்க்கை நிரப்புவான்,
சக்கரத்துக்குக் கட்டை வைப்பான்,
ஹேண்ட்பிரேக்கைத் தொடமாட்டான், ஒட்டிக்கொள்ளும்.
இதை நிறுத்தியவர் மறுநாள் காலை எடுப்பதாகத்தான் நிறுத்தியிருக்கிறார்."

ஹில்க்கா வெகுநேரம் பேசவில்லை.
கூரைத் தகரத்தில் ஒரு பறவை நடந்தது.
"அப்படியா" என்றாள்.
"பதிமூன்று வருஷமாக, யோசித்துப் போனான் என்றே
நினைத்துக்கொண்டிருந்தேன்."
யார் என்று நாங்கள் கேட்கவில்லை.
நார்வேயிலிருந்து பணம் மட்டும் வரும் என்று
அவளாகவே சொன்னாள்.

நான் கணக்குச் சொன்னேன்: பெல்ட், கிளட்ச், டேங்க், டயர் நாலு,
பிரேக் முழுசும். கேட்ட விலையில் பாதி.
அவள் பேரம் பேசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.
நீ உறையிலிருந்து பாதியை எண்ணி எடுத்தாய்,
பிறகு இன்னும் இரண்டு தாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

"அதை நான் விடுவிக்கட்டுமா?"
குனிந்து உள்ளே கைநீட்டி, பொத்தானை அழுத்தி,
லீவரை இறக்கினாள்.
எடையே இல்லாமல் இறங்கியது.

மூவரும் பின்னாலிருந்து தள்ளினோம்.
சக்கரம் அசையவில்லை.

இழுவை வண்டிக்குத் தனியாக எண்பது யூரோ, கலேவி.
அதையும் எழுதிக்கொள்.